பதவிப்படி நகரும் அம்பு

"என் டிரைவர் எனக்கு மேல உட்கார்ந்திருக்கான்" என்றார் இயக்குநர் எசென்கான்.

அறையில் அப்போது யாருமே உட்கார்ந்திருக்கவில்லை. கரா-கெச்சு நீர்ப் பங்கீட்டு அலுவலகத்து ஊழியர்கள் எல்லாரும் நடுக்கூடத்தில் இறக்கிவைத்த புதுக் கணினியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். டிரைவர் ஜெனிஷ் தன் பின்னால் நாற்காலி ஏதாவது இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"எங்க அண்ணே உட்கார்ந்திருக்கான்?" என்று கேட்டார் ரவில். தலைநகரிலிருந்து கணினியைக் கொண்டுவந்தவர் அவர். ஐம்பது வயது, தாத்தார் இனத்தவர். ஊர் ஊராக இதே வேலையைச் செய்து களைத்தவர்.

"அதோ, திரையில. அவன் ஆயிரத்தி ஒண்ணு. நான் ஆயிரத்தி எட்டு. இதுக்கு என்ன அர்த்தம்?"

"ஒரு அர்த்தமும் இல்லண்ணே. லினக்ஸ்ல ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நம்பர் விழும். முதல் கணக்கு ஆயிரம். அது என்னோடது. அப்புறம் டீ குடிச்சுட்டு யார் யார் வந்தாங்களோ அந்த வரிசை. ஜெனிஷ் முதல்ல வந்தான். நீங்க கடைசியா வந்தீங்க."

"நான் கடைசியாத்தான் வருவேன். நான் வரும்போது எழுந்து நிக்க எல்லாரும் முன்னாடியே வந்திருக்கணும்ல."

எங்கள் பக்கத்தில் விருந்துக்குப் போனால், வாசலுக்கு நேர் எதிரே உள்ள இடத்துக்குத் தோர் என்று பெயர். மூத்தவருக்கு உரிய இடம் அது. அங்கிருந்து தகுதி இறங்க இறங்க வாசல் பக்கம் வரவேண்டும். வாசலை ஒட்டி உட்கார்பவர் தேநீர் ஊற்றுவார். இதில் ஓர் இடம் மாறிவிட்டதென்று கல்யாணங்கள் நின்றுபோயிருக்கின்றன. இது கணினியைச் செய்தவர்களுக்குத் தெரியவில்லை.

இத்தனைக்கும் அந்த அலுவலகத்தின் வேலை ஒன்றே ஒன்றுதான். எங்கிருந்தாவது தன் கணக்கில் நுழைந்து மதகு திறக்கவோ மூடவோ உத்தரவு எழுதினால், மலைமேல் அணையடியில் இருக்கும் மதகுக் காவலர் தோக்தோவின் திரையில் அது தெரியும். அவர் சக்கரத்தைச் சுற்றுவார். தண்ணீர் வரும், அல்லது நிற்கும். மீதி நேரமெல்லாம் அது அலுவலகமாக மட்டும் இருந்தது.

"ஆயிரத்துக்கும் மேல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார் இயக்குநர்.

"பூஜ்யம் இருக்கு அண்ணே. அது எந்திரத்துக்கே எஜமான். எந்தக் கணக்கையும் அழிக்கலாம், ஆக்கலாம், எந்தத் தாளையும் திறக்கலாம்."

"பூஜ்யமா?" இயக்குநரின் முகம் சுருங்கியது. "என்னைப் போய் பூஜ்யம்னு எழுதறதா?"

துணை இயக்குநர் குபாத் ஓரடி முன்னால் வந்தார். எப்போதும் இயக்குநரின் தோளுக்குச் சற்றுப் பின்னால் நிற்பவர், குரலை உயர்த்தாதவர். "அது வாசல்படிக்கும் வெளியே செருப்பு விடற இடம் அண்ணே. அதை நான் வெச்சுக்கறேன். எனக்குப் பெருமை எதுக்கு?"

ரவில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மணியைப் பார்த்தார். ஊருக்குப் போகும் கடைசி வண்டியை நினைத்தார் போலிருக்கிறது, வாயை மூடிக்கொண்டார்.

இருக்கை ஆணையம் என்று ஒன்று அமைக்கப்பட்டது. குபாத் அதன் செயலாளர். விருந்தில் வயது முந்தும், அலுவலகத்தில் பதவி முந்தும். கணினி விருந்தா, அலுவலகமா என்பதுதான் அவர்கள் முன்னிருந்த கேள்வி. கணக்காளர் ரைசா இயக்குநரைவிட மூத்தவர். அவர் தன் பிறப்புச் சான்றிதழையே கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டார். கணினிக்கு முன்னால் தேநீர் குடிக்கப்படுவதால் அது ஓரளவுக்கு விருந்துதான் என்று ஆணையம் முதலில் முடிவு செய்தது. பிறகு தேநீரைத் தடை செய்து, அது அலுவலகமே என்று மறுமுடிவு செய்தது. எல்லாக் கணக்குகளும் அழிக்கப்பட்டுப் பதவிப்படி மறுபடி உண்டாக்கப்பட்டன. இயக்குநர் ஆயிரம். குபாத் ஆயிரத்தொன்று. வாசலோரம், ஆயிரத்தேழாவது எண்ணில், அனார்குல்.

அனார்குல் உத்தரவு எழுதும் எழுத்தர். நாற்பத்தைந்து வயது. அலுவலகத்தில் மற்ற எல்லாரும் உத்தரவிடும் பதவியில் இருந்ததால், உத்தரவை எழுதும் பதவியில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

இதற்காக மறுபடி வரவழைக்கப்பட்ட ரவில் கிளம்பும்போது சொன்னார்: "ஒண்ணு மட்டும் கவனம். தாளெல்லாம் நம்பரோடதான் ஒட்டிக்கும், பேரோட இல்ல. ஒருத்தர் நம்பரை இன்னொருத்தருக்குக் கொடுத்தா, அவர் எழுதினதெல்லாம் இவர் எழுதினதா ஆயிடும். இனிமே இப்படி மாத்தாதீங்க."

"யாரு மாத்தப் போறா?" என்றார் இயக்குநர்.

 குபாத் ரவிலுக்குக் கோட்டு மாட்டிவிட்டார்.

*

அடுத்தது மவுஸ்.

இயக்குநரின் கை சற்று நடுங்கும். திரையில் அம்புக்குறி அவருக்குக் கட்டுப்படாமல் பறந்தது. அதனால் அவர் செட்டிங்கில் அம்பின் வேகம் வெகுவாகக் குறைக்கப்பட்டது. ஒரு நாள் அவர் அனார்குலின் மேசைப் பக்கம் வந்து நின்றார். நின்றவர் நகரவில்லை.

"பெண்ணே, இன்னொரு தரம் அந்த மூலைக்குப் போ."

அனார்குல் மவுஸை அசைத்தாள். அம்பு மூலைக்குப் போய் நின்றது.

"என் அம்பு பாதி வழி போறதுக்குள்ள உன் அம்பு போய்ச் சேர்ந்துடுது."

"வேலை சீக்கிரம் முடியட்டும்னுதான் அண்ணே."

"வேலை முடியறதுக்கா ஆபீஸ் வெச்சிருக்கோம்?" என்று கேட்டார் இயக்குநர். அதே கேள்வியை அன்று மாலைக் கூட்டத்தில் விரிவாக்கிப் பேசினார். "ஒரு அலுவலகம்னா என்ன? மேல இருக்கறவன் நிதானமாப் போவான். கீழ இருக்கறவன் அதைவிட நிதானமாப் போவான். எனக்கு முன்னாடி ஒருத்தன் போய் நின்னா, அவன் எனக்குத் தெரியாத எதையோ பார்த்துட்டான்னு அர்த்தம். எனக்குத் தெரியாதது இந்த ஆபீஸ்ல இருக்கக் கூடாது."

கைதட்டினார்கள். இயக்குநருக்கு முன்னால் யாரும் கைதட்டலை நிறுத்தவில்லை. அவர் தன் உரைக்குத் தானே கைதட்டிக்கொண்டிருந்ததால் அது நீண்டது.

அம்பின் வேகம் பதவிப்படி நிர்ணயிக்கப்பட்டுப் பூட்டப்பட்டது. குபாத்தின் அம்பு இயக்குநரின் அம்பைவிடக் கொஞ்சம் மெதுவாகவும், ரைசாவுடையது அதைவிட மெதுவாகவும், இப்படியே இறங்கி அனார்குலின் அம்பு நகர்கிறதா என்று தெரிய திரையில் கண்ணை ஒட்டவைத்துப் பார்க்கவேண்டியதாயிற்று. மவுஸை மேசையின் அந்த ஓரம்வரை தள்ளி, தூக்கி, இந்த ஓரத்தில் வைத்து மறுபடி தள்ளி, நாள் முழுக்க மாவு தேய்ப்பவளைப் போல அவள் வேலை செய்தாள். மவுஸைத் தொடாமலே வேலையை முடிக்க விசைப்பலகையில் குறுக்குவிசை என்று ஒன்று உண்டு. அதுவும் 'புறவாசல் நுழைவு' என்று பூட்டப்பட்டது.

"ரவில் அண்ணன்கிட்ட சொல்லி மாத்திக்கக் கூடாதா?" என்று டிரைவர் ஜெனிஷ் ஒருநாள் கேட்டான்.

"அவர் கையில இல்லையாம். பூஜ்யத்துக்கிட்ட கேக்கணுமாம்."

"பூஜ்யம் என்ன சொல்லுது?"

"'மெதுவாப் போம்மா, என்ன அவசரம்'னு சொல்லிச்சு."

*

பிப்ரவரிக் கடைசியில் வெயில் திடீரென்று ஏறி மலைப்பனி முன்கூட்டியே இளகத் தொடங்கியது. அன்று குபாத் வீட்டில் விருந்து. புது வீடு, அதன் பின்னால் புது மீன்குளங்கள். அலுவலகமே அங்கே போயிருந்தது. வாசலோர எண்காரியான அனார்குல் மட்டும் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ள விடப்பட்டிருந்தாள். பிற்பகலில் மதகுக் காவலர் தோக்தோ போன் செய்தார்.

"தங்கச்சி, குபாத்தோட உத்தரவு வந்துது, முழுசாத் திறன்னு. திறந்துட்டேன்."

"முழுசாவா? எதுக்கு?"

"குளத்துக்கு இருக்கும், விருந்தாளிங்க பார்க்கறதுக்கு. ஆனா இங்க பனித்தண்ணியும் சேர்ந்து வருது. கீழ்க்கரை தாங்காது. மூடட்டுமா?"

"மூடுங்கண்ணே."

"உத்தரவு வேணும்."

"நான்தான் சொல்றேனே."

"நீ வாயால சொல்றே. திரையில வரணும். வராம சக்கரத்தைத் தொட்டா என் வேலை போயிடும்."

அனார்குல் மூடும் உத்தரவைத் திறந்து எழுதினாள். எழுதுவதற்கு நேரமாகவில்லை. 'அனுப்பு' என்ற பொத்தான் திரையின் வலது கீழ்மூலையில் இருந்தது. அம்பு இடது மேல்மூலையில் இருந்தது. அவள் தள்ளினாள், தூக்கினாள், தள்ளினாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். "வந்துதா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "வந்துட்டே இருக்கு" என்று இவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்பு பாதித் திரையைக் கடந்தபோது அவள் முழங்கை பட்டுத் தண்ணீர்க் கிண்ணம் உருண்டது. அவள் அதைப் பார்க்கவில்லை.

உத்தரவு போனபோது கீழ்க்கரைக் கிராமத்து மரப்பாலம் இல்லை. பாலத்தின்மேல் தேன்பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த ஒரோசாலியும் இல்லை.

விசாரணைக் குழு வரும் என்று தலைநகரிலிருந்து தகவல் வந்தது. இருக்கை ஆணையம் அவசரமாகக் கூடியது.

*

மார்ச் எட்டு. மகளிர் தினத்துக்கு அலுவலகங்களில் வேலை நடக்காது. ஆண்கள் பூ கொடுப்பார்கள், பேசுவார்கள். அனார்குலுக்கு மூன்று கார்னேஷன் பூக்கள் கொடுக்கப்பட்டன. கேக் வந்தது. கேக்கின் மேல் சிவப்புக் கிரீமில் 1001 என்று எழுதியிருந்தது.

குபாத் எழுந்து பேசினார். கண் கலங்கியிருந்தது.

"பெண்கள் இல்லாம இந்த ஆபீஸ் ஏது? ஆம்பளைங்க நாங்க முடிவெடுக்கறோம், அது சுலபம். அந்த முடிவோட பாரத்தை யார் தாங்கறா? பெண்கள். என் பாரத்தை எங்கம்மா தாங்கினா. அப்புறம் என் மனைவி தாங்கினா. இன்னையிலேர்ந்து அனார்குல் தாங்கட்டும். என் இடத்தை, என் ஆயிரத்தொன்றை, அவளுக்கே கொடுத்துட்டு நான் வாசலோரம் போறேன். அவளோட ஆயிரத்தேழு எனக்குப் போதும்."

"எனக்கு வேணாம் அண்ணே" என்றாள் அனார்குல். வெட்கம் என்று எல்லாரும் சிரித்தார்கள். ரைசா அவள் கன்னத்தைக் கிள்ளி, "போடி, இருபத்தஞ்சு வருஷம் உழைச்சும் இந்த இடம் எனக்குக் கிடைக்கல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மறுநாள் அனார்குல் மவுஸைத் தொட்டதும் அம்பு பாய்ந்து மூலையில் முட்டிக்கொண்டது. பழக்கத்தில் அவள் மேசை முழுக்கத் தள்ளியிருந்தாள். ஒரு நிமிடம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு 'நான் எழுதிய உத்தரவுகள்' என்ற இடத்தைத் திறந்தாள். மேலே முதலாவதாக நின்றது: 'மதகு முழுமையாகத் திறக்கவும். உத்தரவிட்டவர்: அனார்குல்.'

மூடச் சொல்லி அவள் அனுப்பிய உத்தரவைத் தேடினாள். அது இல்லை.

ரவிலுக்குப் போன் செய்தாள். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"எந்திரத்துக்குப் பேர் தெரியாதும்மா. ஒவ்வொரு தாளோட முதுகுலயும் ஒரு நம்பர் எழுதி வெச்சிருக்கும். யார் எழுதினதுன்னு கேட்டா, அந்த நம்பர் இன்னைக்கு யாருதுன்னு பார்த்து அவங்க பேரைச் சொல்லும். திறக்கச் சொன்ன தாள் உன்னோடது ஆயிடுச்சு. மூடச் சொன்னது அவரோடது ஆயிடுச்சு."

"யார் எந்த நேரத்துல உள்ள நுழைஞ்சாங்கன்னு எந்திரம் குறிச்சு வெக்காதா?"

"வெச்சுது. ஆனா நேரப்படி குறிக்கும். டிரைவர் பேருக்குக் கீழ இயக்குநர் பேர் வருது, மரியாதை இல்லன்னு அதை அழிச்சுட்டாங்க."

"யாரு அழிச்சா?"

"பூஜ்யம்."

 ரவில் தொடர்ந்தார். "இதைக் கேளு. எந்திரத்தோட வாக்குமூலம் மட்டும் தனியா நின்னா அதை அசைக்கலாம். நானே வந்து சொல்றேன். தோக்தோவும் சொல்லட்டும். ஆனா எவன் முன்னாடியும் 'நான்தான் திறந்தேன்'னு வாய்தவறிக்கூட சொல்லிடாத. சாட்சிங்க முன்னாடி நீயே சொல்லிட்டா அப்புறம் எந்திரமும் நீயும் ஒரே பேச்சு. நாலஞ்சு வருஷம் ஜெயில்."

அனார்குல் இயக்குநரிடம் போனாள். அவர் பூவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எனக்கு என் பழைய நம்பரைக் கொடுத்துடுங்க அண்ணே."

"பரிசைத் திருப்பிக் கொடுக்கறதா? அதுவும் பெண்கள் தினத்துப் பரிசை?"

"ஆள் செத்திருக்கு. அந்தத் தாள் என் பேர்ல இருக்கு."

"இருக்கட்டுமே. யார் பேர்லயாவது இருக்கணும்ல?" இயக்குநர் பூச்சாடியைத் திருப்பி வைத்தார். "பாரும்மா, நான் ஆயிரம். என் பேர்ல ஒரு தாளும் இல்ல. நான் எதையும் எழுதினதில்ல. அதனாலதான் முப்பது வருஷம் உட்கார்ந்திருக்கேன். நீ எழுதக் கத்துக்கிட்டே. அது என் தப்பா?"

*

விசாரணை அதிகாரி மென்மையான மனிதர். அனார்குலுக்கு நாற்காலி போடச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"எந்திரம் உங்க பேரைச் சொல்லுதும்மா."

"முன்னாடி வேற பேர் சொல்லிச்சு ஐயா. தோக்தோ பார்த்திருக்கார்."

மதகுக் காவலர் தோக்தோவைக் கூப்பிட்டார்கள். அவர் கம்பளித் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு நின்றார். "அன்னைக்குத் திரையில குபாத்னு இருந்துது. இன்னைக்கு அதே தாளைத் திறந்தா அனார்குல்னு இருக்கு. எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல்தான். ஆனா அவ்வளவு மங்கல் இல்ல."

"எவ்வளவு மங்கல்னு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை முழு விசாரணையில சொல்லுங்க. டாக்டர் சான்றிதழோட வாங்க" என்றார் அதிகாரி. பிறகு அனார்குல் பக்கம் திரும்பினார். "நான் யாரையும் சந்தேகப்படலம்மா. சந்தேகப்படறது பழைய முறை. அந்தக் காலத்துல ஆளைப் பிடிச்சு, உண்மையைச் சொல்ற வரைக்கும் உட்கார வெப்பாங்க. இப்ப ஆளே தேவையில்ல. பட்டனைத் தட்டினா பேர் வருது. பேர் வந்ததும் ஆளைக் கூப்பிடறோம். எவ்வளவு நாகரிகம் பாருங்க."

மூடும் உத்தரவு ஆயிரத்தேழின் பெயரில் இருந்ததால், விருந்தின் நடுவிலும் கடமையை மறக்காத அலுவலர் என்று குபாத்துக்குப் பாராட்டு எழுதப்பட்டது. விருந்தில் அவர் பாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் அறை நிறைய இருந்தார்கள். அவர்களும் கைதட்டினார்கள்.

அனார்குலை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். "அப்ப என் கணக்கைப் பூட்டிடுங்க" என்று கேட்டாள்.

"கூடாதும்மா. கணக்கு ஒரு சாட்சியம். சாட்சியம் உயிரோட, நடமாடிக்கிட்டு இருக்கணும். அதோட கடவுச்சொல்லைப் பொறுப்பான ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போங்க." அதிகாரி அறையைச் சுற்றிப் பார்த்தார். பாராட்டுப் பெற்ற ஒரே அலுவலர் குபாத்தான்.

போவதற்கு முன் விசாரணைக் குழு ஒரு பாதுகாப்பு விதியும் செய்துவிட்டுப் போனது. இனி தண்ணீர் திறக்கப்பட்டால், உத்தரவிட்டவரே நேரடியாகக் கிராமத் தலைவருக்குச் சொல்லவேண்டும். வேறு யார் சொன்னாலும் அது வதந்தி. வதந்தியைக் கேட்டு இடம்பெயர்பவர்களுக்கு அபராதம்.

*

ஒரோசாலியின் நாற்பதாம் நாள் சாப்பாடு முழு விசாரணைக்கு முந்தின நாள், வியாழக்கிழமை வந்தது. அனார்குல் கீழ்க்கரைக்குப் போனாள். போகாதே என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவன் தேனை வாங்கித் தின்றவர்கள் எல்லாரும் போகும்போது அவள் மட்டும் போகாமல் எப்படி இருப்பது?

ஆற்றை ஒட்டிய அவன் வீட்டுப் புல்வெளியில் கம்பளிக் கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே பெரியவர்கள் வரிசைப்படி உட்கார்ந்திருந்தார்கள். வெளியே கொப்பரையில் இறைச்சி வெந்தது. விதவை பூருல் யாரோடும் பேசாமல் எண்ணெயில் மாவுத் துண்டுகளைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். அனார்குல் பக்கத்தில் உட்கார்ந்து மாவை வெட்டிக் கொடுத்தாள்.

"நீ அந்த ஆபீஸ்தானே?" என்று பூருல் எண்ணெயைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஆமா."

"யாரு திறந்ததுன்னு நாளைக்குத் தெரிஞ்சுடுமாமே."

"சொல்லிக்கறாங்க."

"எனக்கு ஒண்ணும் வேணாம். அந்த ஆள் மூஞ்சியை ஒரு தரம் பார்க்கணும்."

அப்போதுதான் போன் அடித்தது. தோக்தோ.

"தங்கச்சி, நீ எங்க இருக்கே?"

"கீழ்க்கரையில."

"ஆபீஸ்ல இல்லையா? உன் பேர்ல உத்தரவு வந்திருக்கு, முழுசாத் திறன்னு. நீ மறுபடி வேலையில சேர்ந்துட்டேன்னு நினைச்சேன். திறந்து அரைமணிக்கு மேல ஆச்சு. ஆபீஸுக்குப் போன் போட்டேன், எடுக்க ஆளில்ல. சந்தேகமா இருந்துது, அதான் உனக்குப் போட்டேன்."

"என் கடவுச்சொல் குபாத்கிட்ட இருக்கு. மூடுங்க. இப்பவே மூடுங்க."

"உத்தரவு..."

"அண்ணே, இங்க ஊரே உட்கார்ந்து சாப்பிடுது."

 தோக்தோ எழுந்து நடக்கும் ஓசை போனில் கேட்டது. பிறகு, "சக்கரத்தைச் சுத்திப் பார்க்கறேன் தங்கச்சி. ஆனா வந்த தண்ணி வந்ததுதான்" என்றார்.

அனார்குல் எழுந்து ஆற்றைப் பார்த்தாள். தண்ணீர் கலங்கி, பழுப்பாகியிருந்தது. அடியில் கற்கள் உருளும் ஓசை கேட்கத் தொடங்கியிருந்தது. கூடாரத்துக்குள் நுழைந்தாள். கிராமத் தலைவர் மாம்பெத் தோருக்கு இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்து எலும்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

"மாம்பெத் அண்ணே, தண்ணி திறந்துட்டாங்க. எல்லாரும் மேட்டுக்குப் போகணும்."

"யாரு சொன்னா?"

"மதகுக்காரர் போன் பண்ணினார்."

"அவர் உத்தரவு போட்டவரா?"

"இல்ல, ஆனா தண்ணி வருது. சத்தம் கேக்கலையா?"

"காத்து" என்றார் ஒருவர்.

மாம்பெத் கையைத் துடைத்துக்கொண்டார். "இதப் பாரும்மா. போன வாரம் ஒரு பையன் சும்மா கத்தினான். நாலு வீட்டுக்காரங்க மேட்டுக்கு ஏறிப் போனாங்க. நாலு வீட்டுக்கும் அபராதம், எனக்கு எச்சரிக்கை. உத்தரவு போட்டவங்க வாயால எனக்குச் சொல்லணும். விதி அப்படி. செத்தவனுக்குச் சாப்பாடு நடக்குது, இதுல பாதியில எழுந்திருக்கச் சொல்றியா?"

தோரில் உட்கார்ந்திருந்த கிழவர் எழாதவரை யாரும் எழமாட்டார்கள். கிழவருக்குக் காது கேட்காது. அவர் அனார்குலைப் பார்த்துச் சிரித்து, உட்கார் என்று கைகாட்டினார். அவர் மடியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

கூடாரத்தின் அடியில் புல் ஈரமாகிவிட்டதை அனார்குல் பாதத்தில் உணர்ந்தாள்.

"உத்தரவு போட்டவளே சொல்றேன்" என்றாள். "நான்தான் ஆயிரத்தொன்று. நான்தான் திறந்தேன்."

கூடாரத்தில் மெல்லுகிற ஓசைகூட நின்றுபோனது.

"நீயா?" என்றார் மாம்பெத்.

"எந்திரத்தைக் கேட்டுப் பாருங்க. என் பேர்தான் சொல்லும்."

"அப்ப சரி" என்றார் மாம்பெத். அவர் முகத்தில் ஒரு நிம்மதிகூட வந்தது. "இதை முதல்லயே சொல்லக் கூடாதா? எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல? சாட்சி இருக்கு. எழுந்திருங்க." அவர் கிழவரின் தோளில் கைவைத்து மேட்டைக் காட்டினார். கிழவர் எழுந்தார். பிறகு எல்லாரும் எழுந்தார்கள், வரிசைப்படி. வெளியே வந்து தண்ணீரைப் பார்த்ததும் வரிசை கலைந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கம்பளங்களை, தேநீர் கொதிக்கும் சமோவாரை, பாதி வெந்த இறைச்சியைக்கூட யாரோ தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓடுகிறவர்கள் திரும்பித் திரும்பி அனார்குலைப் பார்த்தார்கள். ஒருவர் அவள் காலடியில் துப்பிவிட்டுப் போனார்.

பூருல் அடுப்பருகே நின்றாள். கையில் இன்னும் கரண்டி இருந்தது. தண்ணீர் அடுப்புக் கற்களைத் தொட்டதும் நெருப்பு சீறிப் புகைந்தது.

"ஏறு பூருல்."

"அன்னைக்கும் நீதானா?"

"முதல்ல ஏறு. அப்புறம் பேசலாம்."

"சொல்லு. சொன்னாத்தான் ஏறுவேன்."

தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது. கொப்பரை ஒருபக்கம் சாய்ந்தது. மேட்டிலிருந்து மாம்பெத் ஏதோ கத்திக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி ஊரே நின்று இவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது. பூருல் அசையவில்லை. நாளெல்லாம் அங்கேயே நிற்கப் போகிறவள் போல நின்றாள்.

அனார்குல் அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள். "அன்னைக்கும் நான்தான்."

பூருல் அவளை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பிறகு கரண்டியைத் தண்ணீரில் போட்டுவிட்டு மேட்டில் ஏறினாள்.